மறைந்ததைத் தேடும் குட்டி

எங்கள் வீட்டுப் பழைய நாய் இறந்த மூன்றாம் நாள் பிரான்சிலிருந்து என் மகள் அழைத்தாள். வருத்தம் சொல்லி முடித்த கையோடு, "இனிமே அங்க இன்னாப்பா இருக்குது? கெளம்பி இங்க வந்துடுங்க" என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. அதற்கு முன் ஒன்றரை ஆண்டுக் காலம், அவள் அழைக்கும்போதெல்லாம் அந்த நாயைத்தான் நான் காரணமாகக் காட்டி வந்தேன். முதுமையில் தளர்ந்த உயிரை யாரிடம் விட்டு வருவது என்று கேட்பேன். அந்த வினாவுக்கு யாரிடமும் விடை இல்லாதது எனக்கு வாய்ப்பாக இருந்தது. இப்போது வினாவே போய்விட்டது.

என் மனைவி, மகளின் பேறுகாலத்துக்கென்று ஆறு மாதத்துக்குச் சென்றவள். பேத்தி பிறந்தாள், மகள் வேலைக்குத் திரும்பினாள், ஆறு மாதம் வளர்ந்துகொண்டே போயிற்று. நாய் தளருமுன் நானும் ஒருமுறை சென்று மூன்று மாதம் இருந்து பார்த்தேன். அங்கே எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு வேலையும் வைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்று தமிழ் சொல்லிக் கொடுத்த நான், சாளரத்தின் ஓரம் அமர்ந்து மழை எப்போது விடும் என்று பார்த்திருந்தேன். திரும்பி வந்துவிட்டேன். அவள் உடன் வரவில்லை. எங்களுக்குள் பிணக்கு ஏதும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிணக்காக இருந்திருந்தால் தீர்த்திருக்கலாம்.

ஒரு நாய்க்குட்டி எடுப்பது என்று முடிவு செய்தேன். குட்டி எடுத்தால் நான் இங்கேயே இருக்கிறேன் என்று பொருள். மகளுக்குச் சொல்லும் முன் மனைவிக்குச் சொன்னேன். கைப்பேசித் திரையில் அவள் முகம் சற்று நேரம் அசையாமல் இருந்தது. இணைப்புத்தான் நின்றுவிட்டதோ என்று எண்ணினேன்.

"குட்டி வேலைக்கு வர ஒன்றர வருசமாவது ஆவும். தெரியுந்தானே?" என்றாள்.

"தெரியும்."

"அப்ப கடைல போயி வாங்காதீங்க. தம்பி வூட்டு நாய் அஞ்சு போட்டிருக்குதாம். அதுல பாக்கலாம். நான் பாக்காம எதையும் தூக்கியாந்துடாதீங்க."

அவள் பார்த்தாக வேண்டும் என்பதில் மிகையில்லை. எங்கள் வீட்டில் நாய் என்பது வேலை செய்யும் உயிர். கரிக்கலாம்பாக்கத்தின் ஓரத்தில் வீடு. மேற்கே நெல் விளைந்த நிலமெல்லாம் மனைகளாகி, மஞ்சள் பூசிய எல்லைக்கற்கள் நடப்பட்டிருக்கின்றன. வரப்பு வளைகளை இழந்த கீரிகள் எங்கள் கொல்லையை நாடி வரும். கொல்லை நிறைய அவள் வளர்த்த நாட்டுக்கோழிகள். கீரியைத் துரத்த வேண்டும், கோழிக்குஞ்சைத் தொடக் கூடாது. இந்த இரண்டும் ஓருடலில் அமைந்த நாயைக் குட்டியிலேயே கண்டெடுக்கும் கண் அவளுக்கு உண்டு. அவள் பனித்திட்டில் பிறந்தவள். மணலில் கருவாட்டுக்கு மீன் காயும் இடத்தில், காக்கையை விரட்டிக்கொண்டு மீனை முகராமல் திரியும் நாய்களின் நடுவே வளர்ந்தவள். இறந்துபோன நாயும் அவள் பார்த்து எடுத்ததுதான். பதினான்கு ஆண்டுகளில் அதற்குச் சோறு வைத்ததைத் தவிர நான் ஒன்றும் செய்ததில்லை.

பாகூர் வழியாகப் பேருந்தில் சென்று பனித்திட்டில் மைத்துனன் வீட்டை அடைந்தபோது நண்பகல் ஒரு மணி. பிரான்சில் அப்போது காலை; பேத்தியை அரைநாள் காப்பகத்தில் விட்டுவிட்டு என் மனைவி ஓய்வாக அமரும் நேரம் அது. அவளுக்கு ஏற்ற பொழுதைத்தான் நான் தேர்ந்திருந்தேன்.

மைத்துனன் கடலுக்குப் போய் வந்து, வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வாங்க மாமா. நாய்க்குப் பொண்ணு பாக்க வந்த மாரி வெள்ளையும் சொள்ளையுமா வந்திருக்கீங்க" என்றான்.

"குருளைகள் எங்கே?" என்று கேட்டேன்.

"இன்னாது?"

"நாய்க்குட்டி."

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே? நான் பாக்காத மீனு பேரு போலன்னு நெனச்சேன்."

படகின் நிழலில் ஐந்து குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மைத்துனன் கறுப்புக் குட்டி ஒன்றின் பிடரித் தோலைப் பற்றி அந்தரத்தில் தூக்கினான். அது கத்தவில்லை. வாயைத் திறந்து அண்ணம் கறுத்திருப்பதைக் காட்டினான். நகங்களை எண்ணி இருபது என்றான். எங்கள் பக்கத்தில் நாயின் வீரத்தை அளக்கும் முறை அதுதான். நானும் அதையே நம்பியிருந்தேன். கைப்பேசியில் அழைப்பு இணைந்ததும் என் மனைவி கண்ட முதற்காட்சி அதுவாக அமைந்துவிட்டது.

"டேய், அத கீழ வுடுடா! ஒன்ன அப்பிடிப் புடிச்சித் தூக்குனா நீ இன்னா பண்ணுவ?"

"கடிச்சி வச்சிடுவேன்க்கா."

"அப்ப அதுக்கு ஒன்னவிட பொறுமை இருக்குது, அவ்ளோதான் தெரியுது. தட்டு எதனா எடுத்தாந்து கீழ போடு."

தட்டைப் போட்டான். குட்டிகள் ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டன. கயிற்றில் கந்தலைக் கட்டி மூக்கின் முன்னால் இழுத்தான். ஒன்று கொட்டாவி விட்டது. மற்றொன்று கந்தலின்மேல் தலையை வைத்து உறங்கிற்று. எனக்கு ஊக்கமெல்லாம் வடிந்துவிட்டது. இவற்றில் ஒன்றும் தேறாது என்றேன்.

திரையில் அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "கடலுக்குப் போன போட்டு எப்ப வந்துச்சி?"

"காலைலயே வந்துடுச்சிக்கா."

"மீனு போட்டியா?"

"அள்ளிப் போட்டேன். மாமா வர்றாருன்னு நல்லாவே போட்டேன். குட்டிங்க கொழுகொழுன்னு இருக்க வேணாவா?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒன்றேகால் ஆண்டு ஆகியிருந்தது. "வயிறு ரொம்புன குட்டிக்கு இன்னாடா வேகம் வரும்? நீயே சோறு துன்னா அங்கேயே சாயற ஆளு. இவரு வேற, ஒரு மணிக்குக் கூட்டியாந்து பரிச்ச வைக்கிறாரு!"

பிழை என்னுடையதுதான். குட்டிகளுக்கு ஏற்ற பொழுதை நினையாமல், அவள் முகத்தைத் திரையில் நெடுநேரம் காணக்கூடிய பொழுதை நினைத்திருந்தேன்.

மூன்று நாள் கழித்து மாலை ஐந்து மணிக்கு மறுபடி கூடினோம். அன்று பகலில் குட்டிகளுக்கு ஒன்றும் போடக் கூடாது என்று அவள் தம்பிக்கு ஆணையிட்டிருந்தாள். இம்முறை ஐந்தும் காலுக்குள் புகுந்து ஓடின. அலுமினியத் தட்டை மைத்துனன் ஓங்கிப் போட்டான். ஐந்தும் சிதறின.

"எல்லாம் பயந்துவிட்டன" என்றேன்.

"பயப்படாத உயிரு இருக்குதாங்க? ஓடுனத பாக்காதீங்க. திரும்பி வர்றத பாருங்க."

பார்த்தேன். இரண்டு வந்தன. செவலை நிறப் பெட்டை ஒன்று மெல்ல நடந்து வந்து, தட்டை முகர்ந்து, அருகில் உட்கார்ந்தது. கறுப்புக் குட்டி அதன் விளிம்பைக் கடித்து இழுத்துக்கொண்டு ஓட முயன்றது. ஏனைய மூன்றும் படகுக்கு அப்பாலிருந்து வரவே இல்லை.

அடுத்துக் கந்தல். வலைக்கயிற்றில் கட்டி மணலில் இழுத்தவுடன் ஐந்தும் பாய்ந்தன. அவள் சொன்னபடி, கவிழ்த்துப் போட்ட படகின் பின்னால் கந்தலை மறையச் செய்து, சுருட்டி மைத்துனன் மடியில் செருகிக்கொண்டான். மூன்று குட்டிகள் அந்தக் கணமே அதை மறந்து ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கின. செவலை படகின் ஓரம்வரை சென்று எட்டிப் பார்த்தது, சற்றே காத்திருந்தது, திரும்பிவிட்டது. கறுப்புக் குட்டி படகைச் சுற்றியது. அடியில் மூக்கை நுழைத்தது. பிறகு மணலைத் தோண்டத் தொடங்கியது.

"தொந்தரவு பண்ணாதீங்க. அப்பிடியே வுடுங்க" என்றாள். "எதிர்க்க ஓடுறத எல்லாக் குட்டியும் தொரத்தும். அத கண்ணு பாத்துக்கும். கண்ணுக்கு மறைஞ்சப்புறம் தேடுதா, அதான் வேல."

நின்றிருந்தோம். அங்கே மகள் வீட்டில் எவரோ வாயில்மணியை அடித்தார்கள்; அவள் எழுந்து சென்றாள். திரையில் ஒரு வெற்று நாற்காலியும், அதன் முதுகில் தொங்கிய என் மனைவியின் கம்பளிச் சட்டையும் தெரிந்தன. அவளுக்கென்று ஒரு நாற்காலி அந்த வீட்டில் அமைந்துவிட்டதை அன்றுதான் கண்டேன். அவள் திரும்பி வந்து, "இன்னும் தேடுதா?" என்று கேட்டாள்.

"தேடுகிறது."

அவள் அந்த நாற்காலியில் அமர்ந்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். "கருப்புக்கு வேகம் இருக்குது. ரொம்பவே இருக்குது. உங்களுக்கு அது வேணாம். செவலைய எடுத்துக்குங்க."

"அதுதானே சிறந்தது என்கிறாய்?"

"அதனாலதான் வேணாம்ன்றேன். அந்த மாரி குட்டிக்குத் தெனமும் வேல குடுக்க ஒரு ஆளு வேணும். வேல இல்லன்னா அதுவா ஒரு வேலய தேடிக்கும். குஞ்சயே கடிக்கும். நான் பக்கத்துல இருந்தா பழக்கிடுவேன். நீங்க பொஸ்தகத்த எடுத்துக்கினு ஒக்காந்துடுவீங்க. செவலைக்கு நீங்க போதும்."

நான் பக்கத்தில் இருந்தால் என்று அவள் சொன்னது மட்டுமே என் காதில் நின்றது. அழைப்பு முடிந்ததும் கறுப்புக் குட்டியைக் கூடையில் எடுத்து வைத்தேன். மைத்துனன் தலையைச் சொறிந்தான்.

"மாமா, அக்கா செவலன்னுதானே சொல்லுச்சி?"

"செவலையை வேறொருவர் கேட்டுவிட்டதாக வைத்துக்கொள்."

"யாரு கேட்டாங்க?"

"யாரோ ஒருவர்."

"நல்லாருக்கே! தமிழ் வாத்தியாரு பொய் சொன்னா எலக்கணம் கெடாதா மாமா?" என்றான். ஆயினும் கூடையைப் பேருந்துவரை அவனே சுமந்து வந்தான்.

அவளிடமும் அந்தப் பொய்யையே சொன்னேன். என் கணக்கு எளியது. அடங்காத குட்டி ஒன்று கொல்லையில் இருக்கிறது என்று தெரிந்தால் அவளுக்கு அங்கே இருப்புக் கொள்ளாது. பயணச்சீட்டு எடுத்துவிடுவாள்.

கறுப்பன் என்று நான் பெயரிட்ட குட்டி நான்கு மாதத்தில் அவள் சொன்னதையெல்லாம் சொன்ன வரிசையில் மெய்ப்பித்தது. செருப்பில் தொடங்கிற்று. முருங்கையின் வேரைத் தோண்டிற்று. ஒருநாள் காலை தாய்க்கோழி அலறக் கேட்டு ஓடினேன்; கறுப்பன் ஒரு குஞ்சின் அருகே படுத்து, அது ஏன் அசையவில்லை என்பது போல மூக்கால் தள்ளிக்கொண்டிருந்தான். அடுத்த கிழமையில் மேலும் இரண்டு. குற்றம் குட்டியுடையது அன்று என்பதை நான் அறிவேன். அந்தக் குஞ்சுகளை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கூசுகிறது. அவளிடம் சொல்லியிருந்தால் என் எண்ணம் நிறைவேறியிருக்கவும் கூடும். ஆனால் அவள் வளர்த்த கோழியின் குஞ்சுகள் அவை. வாய் எழவில்லை.

மூன்றாவது குஞ்சு போன அன்று மாலை அழைப்பில் கோழிகளைக் காட்டச் சொன்னாள். கைப்பேசியை விரைவாகச் சுழற்றினேன்.

"மெதுவாக் காட்டுங்க. பதினொரு குஞ்சு இருந்துச்சே. எட்டுதான் தெரியுது?"

"கூடைக்குள் இருக்கும்."

"கூடைய தூக்குங்க."

"இடுப்பு வலிக்கிறது."

அவள் மேலே கேட்கவில்லை. தம்பியிடம் கேட்டிருக்கிறாள். அக்காள் கேட்டு அவன் எதையும் மறைத்ததில்லை. செவலை இன்னும் அவன் வீட்டில்தான் படுத்திருக்கிறது என்பது வரை சொல்லிவிட்டான்.

மறுநாள் அவள் குரலில் சினம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

"இன்னாத்துக்குங்க பொய் சொன்னீங்க?"

"உன்னால்தான் பழக்க முடியும் என்று நீ சொன்னாய்."

அவளுக்கு உடனே விளங்கிற்று. ஐம்பதாண்டுகளை நெருங்கும் இல்வாழ்க்கையில் அதற்குமேல் நான் விளக்கியதும் இல்லை, அவள் விளக்கக் கேட்டதும் இல்லை. அவளுக்குப் பின்னால் பேத்தி ஏதோ பிரெஞ்சுச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அவள் முந்தானையை இழுத்தாள். அவளை மடியில் ஏற்றிக்கொண்டு என் மனைவி சொன்னாள்: "நீங்களே பழக்கிடலாம். தெனம் அஞ்சு மணிக்குப் போன் போடுங்க. நான் சொல்லச் சொல்ல செய்ங்க."

அவ்வாறு எங்கள் மாலைகள் தொடங்கின. கைப்பேசியைத் துளசி மாடத்தில் சாய்த்து வைப்பேன். கறுப்பனை நீண்ட கயிற்றில் பிடித்து, குஞ்சுகள் மேயும் இடத்துக்கு எட்ட அமர்வேன். அவன் குஞ்சை உற்று நோக்கும்போது நான் பேசக் கூடாது. பார்வையைத் தானாக விலக்கும் அந்த நொடியில் நெத்திலிக் கருவாட்டுத் துண்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். முதல் நாட்களில் நான் பிந்தினேன்.

"இப்ப குடுக்கறீங்க? அவன் மறுபடி குஞ்ச பாக்குறான். குஞ்ச பாத்ததுக்குக் கூலி குடுத்த மாரி ஆயிடுச்சி. வகுப்புல பசங்களுக்கும் இப்பிடித்தான் பிந்திக் கைதட்டுவீங்களா?"

மெல்லப் பழகினேன். எனக்குப் பின் கறுப்பன் பழகினான். அடுத்து, மனைக்கட்டில் கீரி வளையின் வாயில் தேய்த்தெடுத்த துணியைக் கொல்லையில் ஒளித்து அவனைத் தேடவிடும் பாடம். அதில் அவனுக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. செங்கற்குவியலின் அடியில், தென்னை மட்டைகளின் இடுக்கில், மழைக்குப் பின்னும் தேடி எடுத்தான். தை பிறக்கும்போது குஞ்சுகள் அவன் வயிற்றின் மீதேறிக் கிளறும் நிலை வந்துவிட்டது. ஒருநாள் கண்ணெதிரே கீரியை எல்லைக்கல்வரை விரட்டிவிட்டு, தாண்டாமல் நின்று திரும்பினான். நான் துள்ளாத குறை. திரையில் அவள் பேத்தியின் இரு கைகளையும் பிடித்துத் தட்டச் செய்தாள்.

அவள் சொல்வனவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன். ஒருநாள் அதைப் புரட்டிப் பார்க்கையில், நாயைப் பற்றியவை பாதியோடு முடிந்திருந்தன. எஞ்சிய பக்கங்களில் அடைக்கு எந்தக் கோழியை வைப்பது, எது முட்டையைக் கொத்தும், கண்நோய்க்கு என்ன செய்வது, ஐப்பசி மழைக்கு முன் கூண்டின் எந்தப் பக்கத்தை அடைப்பது, அவள் நட்ட கறிவேப்பிலையை எப்போது கழிப்பது என்பன எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. வெளியூர் போகிறவர் அண்டை வீட்டில் சாவியை மட்டுமே கொடுத்துப் போவார். இவள் வீட்டையே எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே அது தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலை அவள் சொன்னாள்: "நாளைலேருந்து பருந்து. நாய் தானா மேல பாக்காதுங்க. மொதல்ல நெழலக் காட்டணும். ஒரு மொறத்த எடுத்து..."

"அது வேண்டாம்" என்றேன்.

"ஏன்? வெயிலு வந்தா கீரியவிட பருந்துதான் தொல்ல."

"எல்லாவற்றையும் சொல்லிவிடாதே. ஒன்றையாவது நீயே வைத்துக்கொள்."

திரையில் அவள் முகம் விலகி, வீட்டின் வெண்ணிறக் கூரை தெரிந்தது. கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டாள் போலும். மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது, பேத்தியுடையதாகவும் இருக்கலாம். கறுப்பன் என் காலடியில் வந்து படுத்துக்கொண்டான்.

"அதுக்குள்ள குஞ்சு போயிடுமே" என்று குரல் மட்டும் வந்தது.

"நான் காவல் இருக்கிறேன்."

"நீங்களா? அண்ணாந்து பாத்தா ஒங்களுக்குத் தல சுத்துமே."

"சுற்றட்டும்."

"சரி" என்றாள். கைப்பேசியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "பருந்து மட்டும் இருக்கட்டும். அத நானே வந்து சொல்லிக் குடுக்கறேன்" என்றாள். எப்போது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது சித்திரை. காலை எட்டு மணிமுதல் கொல்லையில் நாற்காலி போட்டுக் குடை பிடித்து அமர்ந்திருக்கிறேன். தரை கறுப்பனுடையது, அதில் எனக்கு வேலையில்லை. வானம் என்னுடையது. மீன் கொண்டுவந்த மைத்துனன் வாயிலிலேயே நின்று சிரித்தான். "இன்னா மாமா இது? நாயி நெழல்ல படுத்துக்கினு கீது, நீங்க வெயில்ல ஒக்காந்து கொலைக்கிறீங்க! ஒரு வாரம் குடுங்க, நான் பழக்கித் தர்றேன்." வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் அதற்குமேல் சிரிக்கவில்லை.

சென்ற கிழமை ஒரு குஞ்சு போய்விட்டது. நான் குனிந்து கண்ணாடியைத் துடைத்த இடைவெளி போதுமாயிருந்தது. இம்முறை மறைக்காமல் அன்று மாலையே அவளிடம் சொன்னேன்.

"எந்தப் பக்கமா வந்துச்சி?"

"கிழக்கே, மோட்டார்க் கொட்டகைப் பக்கம்."

"போறப்ப?"

"அதே வழி."

அவள் சற்றே எண்ணிப் பார்த்தாள். "அது அந்த வழிலதான் மறுபடி வரும். நாளைக்கு நாற்காலிய கெழக்கப் பாத்துத் திருப்பிப் போட்டுக்குங்க. வெயிலு மூஞ்சில அடிக்கும், தொப்பி வச்சிக்குங்க. நாய்க்கு ஒண்ணும் காட்டாதீங்க" என்றாள்.

திருப்பிப் போட்டிருக்கிறேன்.